மண்புழுவை விழுங்கும் பேய் நத்தை

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். "வேல்ஸில் ஓடில்லாத வெள்ளை நத்தை ஒன்று மண்புழுவை உயிரோடு விழுங்குகிறதாம். கண்ணே கிடையாதாம், பல் மட்டும் கத்தி மாதிரி இருக்குமாம். நத்தை என்றால் இலைதழை தின்கிற சாதுப் பிராணி இல்லையா? இது நிஜமா, கட்டுக்கதையா? நிஜம் என்றால், அதில் நாலைந்தைக் கொண்டுவந்து என் மாடித்தோட்டத்தில் விட்டால், கீரையை மொட்டையடிக்கும் நத்தைகள் ஒழியுமா?"

நிஜம்தான். ஆனால் உங்கள் கீரைக்கு அதனால் ஒரு பைசா லாபம் இல்லை. தொட்டியில் நீங்கள் பாடுபட்டு வளர்த்த மண்புழுதான் முதலில் காலியாகும். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். ஓடில்லா நத்தையை நம் ஊரில் பாதிப் பேர் அட்டை என்கிறார்கள். ஐப்பசி மழையில் ராத்திரி குளியலறை விளக்கைப் போட்டால் சுவரில் வழவழவென்று ஒட்டிக்கொண்டிருக்குமே, "ஐயோ அட்டை!" என்று வீட்டில் யாராவது உப்பு ஜாடியைத் தேடி ஓடுவார்களே, அதைத்தான் சொல்கிறேன். அது அட்டை இல்லை. ரத்தம் குடிக்கும் அட்டை மண்புழுவுக்குச் சொந்தக்காரன். சுவரில் ஊர்வது நத்தைச் சாதி. எப்போதோ ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வாழப் பழகிய நத்தை. இங்கிலீஷில் ஸ்லக் என்பார்கள். நான் இனி ஓடில்லா நத்தை என்றே எழுதுகிறேன்.

நீங்கள் படித்தது பேய் நத்தையைப் பற்றி. அறிவியல் பெயர் செலினோகிளாமிஸ் இஸ்ப்ரிடா. வெல்ஷ் மொழியில் 'இஸ்ப்ரிட்' என்றால் ஆவி, பேய். செலினோகிளாமிஸ் என்பது கிரேக்கம். நிலா, மேலங்கி என்ற இரண்டு சொற்களை ஒட்டவைத்தது. நிலா அங்கி போட்ட பேய் என்று வைத்துக்கொள்ளலாம். பெயர் வைத்தவர்களுக்கு ரசனை இருந்திருக்கிறது. உடம்பு பால் வெள்ளை, ராத்திரியில் நடமாட்டம், பகலில் மண்ணுக்குள் மறைவு, பார்க்கக் கண் இல்லை. இதற்குப் பேய் என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பது?

பெயர் வைத்த இருவரில் ஒருவர் பென் ரௌசன், வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் நத்தை, சிப்பி வகைகளைக் கவனிப்பவர். இன்னொருவர் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் பில் சிமொண்ட்சன். ஒரு பிராணியின் வயிற்றில் கிடக்கும் டிஎன்ஏவை வைத்து அது எதைத் தின்றது என்று கண்டுபிடிப்பதில் பெயர் போனவர் அவர். 2008-ல் இருவரும் சேர்ந்து இதைப் புது இனம் என்று அறிவித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் விவரித்த மாதிரிகள் வந்தது அமேசான் காட்டிலிருந்தோ போர்னியோவிலிருந்தோ இல்லை. அருங்காட்சியகமும் பல்கலைக்கழகமும் இருக்கிற அதே கார்டிஃப் நகரத்தில், ஒரு வீட்டுத் தோட்டத்திலிருந்து! பிரிட்டன் மாதிரி, இருநூறு வருஷமாகப் பாதிரியார் முதல் பள்ளிக்கூடப் பையன் வரை நத்தையைப் பொறுக்கிப் பட்டியல் போட்ட நாட்டில், விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை மிருகம் கொல்லைப்புறத்தில் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. அடுத்த வருஷம், 2009-ல், அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த உயிரின ஆய்வு நிறுவனம் வெளியிட்ட பத்துப் புதிய உயிரினங்கள் பட்டியலில் இதுவும் இடம்பிடித்தது. காஃபின் இல்லாத காபிச் செடி ஒன்றும், பார்படோஸ் தீவின் நூல் மாதிரி மெல்லிய பாம்பும் அதே பட்டியலில் இருந்தவை.

சரி, ஆளைப் பார்ப்போம். நான் கார்டிஃப் போனதில்லை, பேய் நத்தையை நேரில் பார்த்ததும் இல்லை. படங்களும் வீடியோவும் ஆய்வுக் கட்டுரையும்தான் எனக்கு ஆதாரம். நீட்டி ஊர்ந்தால் 6, 7 சென்டிமீட்டர் இருக்கும். சாதாரண ஓடில்லா நத்தையைப் பார்த்தால் தலைக்குப் பின்னால், முதுகின் முன்பக்கத்தில், சேணம் போட்ட மாதிரி ஒரு திட்டு இருக்கும். ஓடு உட்கார்ந்திருந்த இடம் அதுதான். அதன் வலப்பக்க ஓரத்தில் ஒரு துளை திறந்து திறந்து மூடும், மூச்சு விடுவதற்கு. பேய் நத்தையில் இது அப்படியே தலைகீழ். சேணம் சுருங்கிச் சுருங்கி ஒரு பொட்டு அளவுக்கு வந்து, வாலின் நுனியில் போய் உட்கார்ந்திருக்கிறது. மூச்சுத் துளையும் அங்கேதான். தலையில் கொம்புகள் உண்டு, ஆனால் நுனியில் இருக்க வேண்டிய கறுப்புக் கண் புள்ளி இல்லை. தொந்தரவு செய்தால், ரப்பர் கையுறையின் விரலை உள்ளே இழுத்தால் எப்படி மடங்கிப் போகுமோ அப்படித் தலையை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும்.

வால் நுனியில் மூச்சுத் துளை எதற்கு என்று கேட்டால், அதன் வேட்டையைப் பார்க்க வேண்டும். மண்புழு இருக்கிற வளைக்குள் தலையை விட்டுத் துரத்துகிற பிராணிக்கு மூக்கு முன்னால் இருந்தால் மண் அடைத்துக்கொள்ளும். பின்பக்கம், காற்று இருக்கிற திசையில் இருப்பதுதான் வசதி. கண்ணும் அப்படித்தான். இருட்டு வளைக்குள் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெள்ளை நிறம், கண் இல்லாமை இரண்டும் குகையில் வாழும் பிராணிகளிடம் அடிக்கடி பார்க்கிற விஷயம். அதனால் இதன் முன்னோர் குகைகளில் இருந்திருக்கலாம் என்ற ஊகம் அப்போதே எழுந்தது.

இப்போது பல்லுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் நான் மாணவனாக இருந்தபோது நத்தைப் பல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

விலங்கியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். செய்முறை வகுப்பில் பைலா என்று வயல் நத்தை ஒன்றைக் கொடுத்து, அதன் ராடுலாவை எடுத்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டிக் காட்டச் சொல்வார்கள். ராடுலா என்பது நத்தையின் நாக்கு. நாக்கு முழுக்கப் பல். வாய்ச் சதையை அறுத்தெடுத்து, பொட்டாஷ் கரைசலில் போட்டுச் சூடு காட்டினால் சதையெல்லாம் கரைந்து, ஊசி முனையில் தொங்குகிற மாதிரி ஒரு பழுப்பு நிற நாடா மிஞ்சும். கழுவி, கிளிசரினில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வரிசை வரிசையாகப் பற்கள், ஒரு வரிசைக்கு ஏழு. முதல் தடவை நான் அந்த நாடாவைக் கழுவும்போதே தொட்டியில் விட்டுவிட்டேன். இரண்டாவது நத்தை கேட்டதற்கு ஆய்வக உதவியாளர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இரண்டாவது முயற்சியில் கிடைத்தது. கண்ணை வைத்தபோது தோன்றியது ஒன்றுதான்: இது தேங்காய்த் துருவி. செடி தின்னும் நத்தை கடிப்பதில்லை, துருவுகிறது. முன்னும் பின்னுமாக நாக்கை இழுத்து, இலையின் மேல்தோலை உரசி உரசி உள்ளே தள்ளுகிறது. ஓடில்லா நத்தைகளுக்கு இந்தப் பல் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஒவ்வொன்றும் மிகச் சிறியது.

பேய் நத்தையின் நாக்கில் துருவி இல்லை, அரிவாள்மனை இருக்கிறது. பற்களின் எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் நீளத்துக்குக் கத்தி அலகு மாதிரி நீண்டு வளைந்து கிடக்கும். அரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். துருவிப் பல்லோடு ஒப்பிட்டால் அது ராட்சதப் பல். அதோடு, நுனி உள்நோக்கி வளைந்திருப்பதால் பிடித்தது பிடித்ததுதான். மண்புழு உடம்பைச் சுருக்கிப் பின்வாங்கினால் பல் இன்னும் ஆழமாகத்தான் இறங்கும். தூண்டில் முள்ளில் மாட்டிய கெண்டையின் கதைதான்.

சாப்பிடும் விதம்: தலை வளைக்குள் நுழையும். புழு தட்டுப்பட்டதும் வாய்ச் சதை திறந்து, பல்லோடு நாக்கு வெளியே வந்து குத்திப் பிடிக்கும். அப்புறம் உள்ளே இழுக்கிற வேலை. சேமியாப் பாயசத்தில் நீள இழை ஒன்று கிடைத்தால் குழந்தைகள் கையால் தொடாமல் உறிஞ்சுவார்களே, உதட்டின் ஓரத்தில் இழை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகுமே, அதே காட்சி. சேமியா துள்ளாது, இது துள்ளும். அது ஒன்றுதான் வித்தியாசம்.

நத்தை வேகம் என்று நாம் கேலி பேசுகிறோம். மண்புழுவும் ஒன்றும் பந்தயக் குதிரை இல்லையே. தன்னைவிட மெதுவாகப் போகிறதைத் துரத்தினால் போதும், வேட்டைக்காரன் ஆகிவிடலாம். ஊனுண்ணி நத்தைகள் பெரும்பாலும் மண்புழுவையும் மற்ற நத்தைகளையுமே குறிவைப்பதற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஆம், மற்றவையும் உண்டு. பேய் நத்தை தனி ஆள் இல்லை. மேற்கு ஐரோப்பாவில் டெஸ்டசெல்லா என்றொரு இனக்குழு இருக்கிறது. வாலின் நுனியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, காது வடிவில் ஒரு குட்டி ஓட்டைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் திரியும். அதுவும் மண்புழு வேட்டைக்காரன்தான். பார்க்கப் பேய் நத்தையும் டெஸ்டசெல்லாவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்: பின்னால் போன சேணம், நீண்ட வளைந்த பல், உள்ளே இழுத்துக்கொள்ளும் தலை. ஆனால் உறவு கிடையாது, இரண்டும் வெவ்வேறு குடும்பம். ஒரே வேலையைச் செய்யப் போய் ஒரே மாதிரி ஆகிவிட்டன. தென்னாப்பிரிக்காவில் கிளாமிடெஃபோரஸ் என்று இன்னொரு கூட்டம், வேட்டை நத்தைகள் என்றே பெயர். அதில் ஒன்றின் முதுகு பாம்புத்தோல் மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். மலேசியக் காடுகளில் அட்டோபஸ் என்கிற ஒல்லி நத்தைகள் மற்ற நத்தைகளைத் தின்று பிழைக்கின்றன. ஓட்டைத் துறந்து ஊனுக்கு மாறுவது உலகத்தில் பல இடங்களில், பல தடவை, தனித்தனியாக நடந்திருக்கிறது.

ஓட்டை ஏன் துறக்க வேண்டும்? ஒரு சங்கு போன்ற ஓட்டை முதுகில் வைத்துக்கொண்டு புழு வளைக்குள் நுழைந்து பாருங்கள், புரியும்.

அடுத்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்தப் பேய் எந்த ஊர்ப் பேய்?

வேல்ஸ் நாட்டுக்காரன் இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஓடு இல்லாத நத்தையை வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து இனம் பிரிக்க முடியாது. அறுத்து, இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். நத்தைகளில் ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும் இருப்பதால் அந்த உறுப்புகள் சிக்கலானவை, இனத்துக்கு இனம் மாறுபடும். அப்படி அறுத்துப் பார்த்ததில் இது டிரைகோனோகிளாமிடிடே என்கிற குடும்பம் என்று தெரிந்தது. அந்தக் குடும்பத்தின் ஊர் காகசஸ் மலைப் பக்கம். இதே பேரினத்தில் அதுவரை தெரிந்திருந்த ஒரே இனம் செலினோகிளாமிஸ் பல்லிடா. 1912-ல் சிம்ரோத் என்ற ஜெர்மானியர் பெயர் வைத்தது, ஜார்ஜியா, துருக்கிப் பக்கத்து மலைகளில் இருப்பது. அப்படியென்றால் பேய் நத்தையின் சொந்த ஊரும் அந்தத் திசையில்தான் இருக்க வேண்டும். ஆனால் எங்கே? வேல்ஸுக்கு எப்படி வந்தது என்பதற்கு நியாயமான பதில் பூந்தொட்டி மண். செடியை வேரோடு, மண்ணோடு நாடு விட்டு நாடு அனுப்பும்போது முட்டையோ குட்டியோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

விடை 2012-ல் உக்ரைனிலிருந்து வந்தது. இகோர் பலாஷோவ் என்ற நத்தை ஆய்வாளர், கிரிமியாவில் சேகரித்த பழைய மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பேய் நத்தை தட்டுப்பட்டது. 1989-ல் பிடித்து, ஜாடிக்குள் போட்டு வைத்தது. அதாவது உலகம் இதற்குப் பெயர் வைப்பதற்கு 19 வருஷம் முன்பே இது சாராயத்தில் ஊறிக்கொண்டு, யாராவது வந்து மூடியைத் திறக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறது. கிரிமிய மலைகள் சுண்ணாம்புக்கல் மலைகள், குகைகள் நிறைந்தவை. குகை ஊகத்தோடு இது நன்றாகவே பொருந்துகிறது.

அருங்காட்சியக வேலை தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது. ஒரு பெரிய சேகரிப்பில் பெயர் எழுதாத ஜாடி, தப்பான பெயர் எழுதிய ஜாடி என்று எத்தனையோ இருக்கும். இனம் பிரிக்கத் தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை. எவ்வளவு பேர் எலியையும் புலியையும் ஆராய்கிறார்கள், எத்தனை பேர் ஓடில்லா நத்தையை? 2014-ல் ரௌசன், சிமொண்ட்சன், கூட இருவர் சேர்ந்து பிரிட்டன், அயர்லாந்து முழுக்க ஓடில்லா நத்தைகளை டிஎன்ஏ பார்த்துக் கணக்கெடுத்தார்கள். தெரிந்திருந்த இனங்களின் எண்ணிக்கை 20 சதவீதத்துக்கு மேல் கூடியது. நன்றாக ஆராய்ந்து முடித்ததாக நினைத்திருந்த ஊரிலேயே இந்த நிலைமை.

அதனால்தான் 'அரிய இனம்' என்ற சொல்லை நான் இதற்குக் கொஞ்சம் தயங்கித்தான் பயன்படுத்துவேன். நம் கண்ணில் படுவது அரிது, அது சரி. ராத்திரியில் மட்டும், அதுவும் பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே திரிகிற பிராணி அப்படித்தான் இருக்கும். 2008 செய்திக்குப் பிறகு, தோட்டத்தில் பார்த்தால் சொல்லுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டார்கள். மண்ணைக் கொத்தும் கைகள்தானே முதலில் பார்க்கும்? தெற்கு வேல்ஸின் பல ஊர்களிலிருந்து தகவல் வந்தது, எல்லை தாண்டி இங்கிலாந்தின் சில இடங்களிலிருந்தும் வந்தது. நகரமும் தோட்டமும் இருக்கிற இடங்கள். ஆளுக்குப் பெயரும் படமும் கிடைத்ததும், இத்தனை நாளாக மண்வெட்டியில் வந்த வெள்ளைச் சங்கதி இதுதானா என்று பலருக்குப் பிடிபட்டது.

இது வந்ததால் வேல்ஸ் நாட்டு மண்ணுக்கு ஆபத்தா? கவலை நியாயமானது. மண்புழுவை நாம் சும்மா உழவன் தோழன் என்று சொல்லவில்லை. நாங்கூழ் என்று பழந்தமிழில் தனிப் பெயர் கொடுத்து வைத்திருக்கிறோம், பூநாகம் என்று சித்த வைத்தியர்கள் சொல்கிறார்கள். மண்ணைத் துளைத்து நீரும் காற்றும் இறங்க வழி செய்வது அதுதான். அதைத் தின்பது வந்து குடியேறினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: நியூசிலாந்துத் தட்டைப்புழு. 1963-ல் பெல்ஃபாஸ்டில் தட்டுப்பட்டது, இரண்டு வருஷத்தில் ஸ்காட்லாந்தில். இதுவும் செடித் தொட்டி மண்ணில் வந்த விருந்தாளியே. ரிப்பன் மாதிரி நீளமாக, மேலே பழுப்பாக இருக்கும். மண்புழுவைச் சுற்றிக்கொண்டு, மேலேயே செரிமான நீரைக் கொட்டி, கரைந்து வந்ததைக் குடிக்கும். வட அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அது பெருகிய வயல்களில் மண்புழு குறைந்தது. பேய் நத்தை இந்த அளவுக்குப் போனதாகச் செய்தி இல்லை. ஆனால் தட்டைப்புழுவைப் பார்த்துச் சூடுபட்டவர்கள் வெள்ளை நத்தையைக் கண்டதும் நோட்டுப் புத்தகத்தை எடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

இனி உங்கள் மாடித்தோட்டம். "நாலைந்தைக் கொண்டுவந்து விட்டால்" என்று கேட்டீர்கள். பேய் நத்தை மண்புழுவைத்தான் தின்னும் என்பதால் உங்களுக்கு அது உதவாது என்று சொல்லிவிட்டேன். சரி, நத்தையைத் தின்னும் நத்தையைக் கொண்டுவந்தால்? இந்த யோசனை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அரசாங்கங்களுக்கே வந்தது, வந்ததன் விளைவை இன்னும் அனுபவிக்கிறார்கள்.

ஆப்பிரிக்க ராட்சத நத்தையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேரளத்தில் மழை பிடித்தால் சுவரெல்லாம் ஏறுமே, நம் பக்கமும் பல ஊர்களில் உண்டு. 1847-ல் வில்லியம் பென்சன் என்ற நத்தை ஆர்வலர் மொரிஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டது. அதிலிருந்துதான் இந்தியாவில் அதன் கதை ஆரம்பம். அதே நத்தை பசிபிக் தீவுகளையும் பிடித்துக்கொண்டபோது, அதை ஒழிக்க ஃபுளோரிடாப் பக்கத்து யூக்ளாண்டினா என்ற ஊனுண்ணி நத்தையை இறக்கினார்கள். 1955-ல் ஹவாய், 1977-ல் தாஹித்திக்குப் பக்கத்துத் தீவான மூரியா. யூக்ளாண்டினாவுக்கு உதட்டோரத்தில் மீசை மாதிரி இரண்டு நீட்சி உண்டு. மற்ற நத்தை விட்டுப்போன சளித் தடத்தை அதால் தடவித் தடவிப் பின்தொடரும். அசகாய மோப்பக்காரன். ஆனால் ராட்சத நத்தையை ஏன் துரத்த வேண்டும், கைக்கு அடக்கமாகச் சின்ன நத்தைகள் இருக்கும்போது? மூரியாவில் பார்ட்டுலா என்ற பேரினத்தில் ஏழு இனங்கள் இருந்தன, வேறெங்கும் இல்லாதவை. தீவுக்காரர்கள் அந்த ஓடுகளைக் கோத்து மாலை கட்டுவார்கள். பத்தே வருஷத்தில் காட்டில் அநேகமாக ஒன்றுகூட மிஞ்சவில்லை. ராட்சத நத்தையோ அதன் பாட்டுக்கு இருந்தது.

பார்ட்டுலா அடியோடு போகாமல் இருந்ததற்குக் காரணம், கடைசி நேரத்தில் சிலர் கொஞ்சத்தைப் பிடித்து லண்டன் போன்ற மிருகக்காட்சி சாலைகளுக்கு அனுப்பி வளர்த்ததுதான். பல தலைமுறை பிளாஸ்டிக் பெட்டிக்குள் வாழ்ந்தது. பிறகு திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். அதில் டோஹிவியானா என்ற இனம் காட்டிலேயே பிறந்து வளர்ந்திருப்பதைப் பார்த்து, 2024-ல் அதன் தகுதியை 'காட்டில் அற்றுப்போனது' என்பதிலிருந்து மாற்றினார்கள். நாற்பது வருஷப் பாடு, ஓர் இனத்துக்கு. ஆகவே எந்த ஊனுண்ணியையும் பார்சலில் வரவழைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சட்டப்படியும் வம்பு.

கீரைக்கு வழி? உங்கள் தொட்டியில் மேய்வது பெரும்பாலும் கறுப்பாக, தட்டையாக, முதுகின் நடுவே வெளிர் கோட்டோடு இருக்கும் தோல் நத்தையாக இருக்கும். அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஊரெல்லாம் பரவியதுதான். சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவதைக் காலைக்கு மாற்றுங்கள், ராத்திரி ஈரம் குறையும். நனைத்த கோணிச் சாக்கையோ பப்பாளி இலையையோ தொட்டிகளுக்கு நடுவே போட்டு வைத்தால் விடியற்காலையில் அதற்கடியில் கூடியிருக்கும், எடுத்து அப்புறப்படுத்தலாம். வெறும் கையால் தொடாதீர்கள். மூளையைத் தாக்கும் எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணியை நத்தைகள் சுமக்கக்கூடும். கீரையை நன்றாக அலசி, வேகவைத்தே சாப்பிடுங்கள். உப்பைத் தொட்டியில் கொட்டினால் நத்தை சாகும், மண்ணும் சேர்ந்து சாகும். கடையில் விற்கும் மெட்டால்டிஹைடு வில்லைகள் வேலை செய்யும், ஆனால் வீட்டில் நாய் இருந்தால் பக்கமே போகாதீர்கள், நாய்க்கு அது விஷம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊனுண்ணி நத்தையைப் பார்க்க நீங்கள் கிரிமியா வரை போகத் தேவையில்லை. ஓடில்லாதது இல்லை, ஓடுள்ளது. போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டுத் துளசித் தொட்டியை நகர்த்தியபோது அடியில் ஊசி மாதிரி ஒல்லியான நத்தை ஓடுகள் நாலைந்து கிடந்தன. பெரும்பாலானவை காலி. ஒன்றில் மட்டும், ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் ஏதோ பாதி நுழைந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அது இன்னொரு நத்தை. அரை சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், கண்ணாடி மாதிரி ஓடு, உள்ளே உடம்பின் மஞ்சளும் சிவப்பும் தெரிகிறது. தலையை அடுத்தவன் வீட்டு வாசலுக்குள் விட்டு நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஹட்டோனெல்லா பைகலர் என்று பெயர். இந்தியா உட்பட வெப்பநாடுகளில் பரவலாக இருப்பது, சின்ன நத்தைகளைத் தின்று வாழ்வது. கால் மணி நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தேன், அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

உங்கள் தொட்டிக்கு அடியிலும் இருக்கலாம். கீரை தின்னும் பெரிய நத்தையை அதால் ஒன்றும் செய்ய முடியாது, அவ்வளவு பெரிய வாய் அதற்கு இல்லை. ஆனாலும் ஆரஞ்சு நிறத்தில் தட்டுப்பட்டால் மற்ற நத்தைகளோடு சேர்த்து வாரிப் போட்டுவிடாதீர்கள், தொட்டியை மெதுவாக இறக்கி வைத்துவிடுங்கள்.